புது ஷட்டில் கேட்ட நாட்கள்

ஹப்சிகுடா, ஹைதராபாத்
6 ஜூலை 2024

அன்புள்ள ஹம்ஸினிக்கு,

ஒரு சாம்பியனிடமிருந்து சாதாரண ஜனங்கள் தங்கள் வாழ்க்கைக்கு என்ன கற்றுக்கொள்ள முடியும்? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. நான்கு வருஷம் கழித்து உனக்கு எழுதுவதற்கு இதுதான் காரணம் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். பாதிக் காரணம் என்று வைத்துக்கொள்.

சாய்கிருஷ்ணா என்று எனக்கு ஒரு பழைய மாணவன். ஸ்டாடிஸ்டிக்ஸில் சுமார், பேச்சில் கெட்டிக்காரன். இப்போது மாதாப்பூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அங்கே யாரையாவது கூப்பிட்டுப் பேசவைப்பார்களாம். பேட்மின்டனில் தேசியப் பட்டம் வாங்கிய ஹம்ஸினியோடு நான் விளையாடியிருக்கிறேன் என்று எங்கிருந்தோ தெரிந்துகொண்டு வந்துவிட்டான். "மேடம், மீரு சாம்பியன்தோ ஆடாரா?" என்றான். விளையாடினேன் என்று சொல்ல முடியாது, ஆறு வருஷம் தினமும் தோற்றேன் என்றேன். "அதே சாலு மேடம்" என்று ஆகஸ்ட் முதல் வெள்ளிக்கிழமையைக் குறித்துக்கொண்டு போய்விட்டான். அதுவே போதுமாம்.

இப்படிப்பட்ட பேச்சுகளில் எனக்கு நம்பிக்கை கிடையாது என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் ஒப்புக்கொண்டுவிட்டேன். நீ என்ன சொல்வாய் என்று கேட்டு எழுதலாமே என்று தோன்றியது.

மீதிப் பாதிக் காரணம்: உனக்கு முழங்கால் மாற்று ஆபரேஷன் ஆயிற்று என்று நம் காலேஜ் காஞ்சனா சொன்னாள். எப்படி இருக்கிறாய்? போனில் கேட்டிருக்கலாம். போனில் நாம் இரண்டாவது நிமிஷமே யார் சொன்னது சரி என்பதில் வந்து நிற்போம். அதனால் கடிதம்.

ரஞ்சனா

*

கோயம்புத்தூர்
11 ஜூலை 2024

பேராசிரியை ரஞ்சனா அவர்களுக்கு,

நான்கு வருஷத்துக்கு முன்னால் போலாரம் கிளப்பில் எனக்குச் சால்வை போட்ட அன்று, மேடையில் மைக்கைப் பிடித்து நீங்கள் சொன்னது: "ஹம்ஸினி உழைத்தாள். நானும் அதே அளவு உழைத்தேன். உழைப்புதான் காரணம் என்றால் எனக்கும் ஒரு சால்வை வந்திருக்க வேண்டும். பட்டம் வாங்கியவரிடம் மட்டும் போய்க் கேட்டுவிட்டு முடிவுக்கு வராதீர்கள்." ஜனங்கள் சிரித்தார்கள். என் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்படிப் பேசிய நீங்கள் இப்போது என்னிடமே பாடம் கேட்கிறீர்கள். நல்லது, எழுதிக்கொள்ளுங்கள். காலையில் எழுந்திரு. சாக்குச் சொல்லாதே. தோற்றால் அழாதே. முக்கியமாக, வலியைப் பொறுத்துக்கொள்ளப் பழகு. கடைசி வரியைச் சொல்லும்போது கொஞ்சம் நிறுத்திச் சொன்னால் மாதாப்பூரில் கைதட்டுவார்கள்.

கால் பிரமாதமாக இருக்கிறது. டாக்டர் ஒவ்வொரு தடவையும் "வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்கிறார். "ரெண்டு" என்பேன். அவருக்கு ஒரே சந்தோஷம். ஆஸ்பத்திரியில் பக்கத்து அறைக் கிழவர்கள் எட்டு, ஒன்பது என்று கத்துவார்கள். பிஸியோதெரபிக்கு ஜேம்ஸ் என்று ஒருவர் வீட்டுக்கு வருகிறார். இவ்வளவுதான் மடக்க வேண்டும் என்றால் நான் அதற்கு மேல் மடக்கிக் காட்டுவேன். "மேடம், மெதுவா. இது டோர்னமென்ட் இல்ல" என்பார். பாவம், அவர் டோர்னமென்ட் பார்த்ததில்லை.

கீழ் வீட்டில் அலமு மன்னி இருக்கிறாள். அண்ணா போன பிறகு எனக்குச் சமைத்துப் போடுவதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு. சௌகரியத்துக்குக் குறைவில்லை. இந்த வாக்கரின் அடியிலுள்ள ரப்பர் மட்டும் சரியில்லை. வேறு வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.

ஹம்ஸினி

*

ஹப்சிகுடா
15 ஜூலை 2024

அன்புள்ள ஹம்ஸினிக்கு,

அன்று மேடையில் சொன்னது உண்மைதான். சொன்ன இடம் தப்பு. உன் அம்மா முன்வரிசையில் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

நீ தந்த பாடங்களை என் டீப்பாய் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காலையில் எழுந்திருக்கிறவர்கள்தான் பால் போடுகிறார்கள், பேப்பர் போடுகிறார்கள். அவர்களுக்கு யாரும் மெடல் தரவில்லை. வலியைப் பொறுத்தவர்களில் பட்டம் வாங்கியவர் யார் என்று நமக்குத் தெரியும். பொறுத்துப் பொறுத்துக் கால் போய் வீட்டில் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. அதனால் கைதட்டல் கிடைக்கும் என்பதைத் தவிர வேறு எதற்கும் அந்த வரி உதவாது.

ஞாயிற்றுக்கிழமை போலாரம் போய்விட்டு வந்தேன். பேச்சுக்கு ஏதாவது அகப்படும் என்றுதான் போனேன். ஹால் அப்படியே இருக்கிறது. மரத்தளத்தை எடுத்துவிட்டுப் பச்சை ரப்பர் விரித்திருக்கிறார்கள். மழை பெய்தால் ஒழுகும் அந்த மூலையில் இப்போதும் ஒரு வாளி இருந்தது. வாளியைப் பார்த்ததும் எனக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. உட்கார்ந்தேன்.

நினைவிருக்கிறதா? ஏப்ரல் வெயிலில் இறகெல்லாம் காய்ந்து நான்கு அடியில் உடைந்துவிடும். அதற்காகச் சாயங்காலமே கேன்டீன் கெட்டிலின் மூக்கில் ஷட்டில் டப்பாவைக் காட்டி ஆவி பிடிப்போம். மறுநாள் காலை டப்பாவைத் திறந்தால் டீ வாசனை வரும். அப்போதெல்லாம் சர்வீஸ் கையில் இருந்தால்தான் பாயின்ட். அரைமணி நேரம் அடித்தும் ஸ்கோர் நகராது. நகராத ஸ்கோரில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அந்த நேரமெல்லாம் நான் தோற்றுக்கொண்டிருக்கவில்லையே.

நம் கோச் சாம்பசிவம் சார் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டு, செலக்‌ஷனுக்கு முந்தின நாள் ஒவ்வொருவரிடமும் கேட்பார்: "நொப்பி ஏமன்னா உந்தா?" எங்காவது வலி இருக்கிறதா என்று. இருந்தால் பட்டியலில் பெயரை அடித்துவிடுவார். "லேது சார்." இல்லை என்று எல்லோரும் ஒரே குரலில். உன் குரல்தான் முதலில் வரும்.

அவருக்கு உன்மேல் ஒரே ஒரு கோபம்தான். நன்றாக இருக்கிற ஷட்டிலையே மாற்றச் சொல்வாய். "ஏன்டி, ஷட்டில் ஃபாக்டரி உங்கப்பனதா?" என்று தெலுங்கும் தமிழுமாகக் கத்துவார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ரஞ்சனா

*

கோயம்புத்தூர்
20 ஜூலை 2024

ரஞ்சனாவுக்கு,

கெட்டிலை ஏன் எழுதினாய்? இரண்டு நாளாக எனக்கு வீடெல்லாம் டீ வாசனை.

சாயங்காலம் ப்ராக்டிஸ் முடிந்து செகந்திராபாத் பஸ்ஸுக்கு நிற்போமே, அதுவும் ஞாபகம் வந்தது. நீ ராக்கெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு தெருவிளக்கில் பாடப்புத்தகம் படிப்பாய். நான் உன் பங்கு சமோசாவையும் தின்பேன். "கைக்குஜி, இத்தனா படிச்சு கலெக்டர் ஆகப்போறியா?" என்று கண்டக்டர் ஹைதராபாத் உருதுவும் அரைத்தமிழுமாகக் கேட்டதற்கு, "நக்கோ, வேண்டாம், கண்டக்டரே போதும், சீட்டாவது கிடைக்கும்" என்றாய். அதற்குப் பிறகு அந்த மனிதர் உன்னிடம் வாய் கொடுத்ததில்லை.

இன்னொன்றும் நினைவு வந்தது. அதே அளவு உழைத்தேன் என்கிறாயே, உனக்கு ஸ்டாமினா எங்கே இருந்தது? நன்றாக ஆட்டம் சூடுபிடிக்கும்போது, "தலைசுத்தறது சார்" என்று நெட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாய். சார் விசிலடித்து எல்லோரையும் உட்காரச் சொல்வார். "படிக்கற பொண்ணு, அவ்ளோதான்" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். உன்னைத் திட்டிக்கொண்டே பெஞ்சில் படுத்துக்கிடப்பேன். அதையும் மாதாப்பூரில் சொல்.

கோவையில் இப்போது ஆடிக்காற்று. அதனால்தானோ என்னவோ சாயங்காலமானால் லேசாக உடம்பு சுடுகிறது. முழங்காலும் தொட்டால் உன் கெட்டில் மாதிரி இருக்கிறது. ஆபரேஷன் ஆன இடம் சூடாகத்தான் இருக்கும். ஜேம்ஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "டாக்டர்கிட்ட இப்பவே காட்டிடலாம் மேடம்" என்றார். ஆகஸ்ட் கடைசியில் ரிவ்யூ, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அந்த ஆளுக்குக் கையில் பக்குவம் போதாது. வேறு ஆளை அனுப்பச் சொல்லிவிட்டேன். நாற்காலியும் உயரம் சரியில்லை, மாற்றினேன். புதிதாக வந்த வாக்கர் முதலில் இருந்ததைவிட மோசம். கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடச் சொன்னேன். மன்னி, "இன்னும் என்னைத்தான் நீ மாத்தலை" என்கிறாள்.

ஹம்ஸினி

*

ஹப்சிகுடா
24 ஜூலை 2024

ஹம்சு,

உன் கடிதம் இன்று மதியம் வந்தது. படித்ததும் போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. மறுபடி செய்தேன், கட் செய்தாய். மன்னியின் நம்பர் என்னிடம் இல்லை. ஆகவே இதை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன்.

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். உன் கால் வலிக்கிறது. இரண்டு இல்லை. ஏழோ எட்டோ இருக்கும்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். ஆறு வருஷம் நெட்டுக்கு இந்தப் பக்கம் நின்று உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேறு வேலை என்ன? நீ எந்தப் பக்கம் அடிப்பாய் என்பதைக் கடைசிவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒன்று மட்டும் தெரியும். உனக்கு வலித்தால் நீ முகத்தில் காட்டமாட்டாய், காலைத் தாங்கி நடக்க மாட்டாய், குரல்கூட மாறாது. ஷட்டில் மாற்றச் சொல்வாய். இறகு போச்சு என்பாய். வேகம் இல்லை என்பாய். டப்பாவிலிருந்து இன்னொன்றை எடுத்து, முனையைத் தடவி, ஒரு தடவை தூக்கிப் போட்டுப் பார்ப்பாய். அந்த நேரம் உனக்கு மூச்சு விடக் கிடைக்கும். சார் நினைத்ததுபோல அது உன் பிடிவாதம் இல்லை. கணுக்கால் சுளுக்கிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் ஆடினாயே ஒரு மாசம், அந்த மாசம் டப்பா டப்பாவாகத் தீர்ந்தது. வலி இல்லாத நாட்களில் மூன்று இறகு உடைந்த ஷட்டிலிலும் நீ பாட்டுக்கு ஆடுவாய்.

நீ புது ஷட்டில் கேட்க ஆரம்பித்தாலே ஆட்டத்தை எப்படி நிறுத்துவது என்றுதான் நான் யோசிப்பேன்.

இப்போது ரப்பர், வாக்கர், நாற்காலி, கட்டில், ஜேம்ஸ்.  காய்ச்சலும் சூடும் காற்றால் வருவதில்லை. என் கூட வேலை பார்க்கிறவளின் கணவர் எலும்பு டாக்டர். அவரிடம் கேட்டேன். மாற்றிய மூட்டில் கிருமி புகுந்திருக்கலாம், உடனே பார்த்தால் காப்பாற்றலாம், தள்ளிப்போட்டால் போட்ட மூட்டையே எடுக்க வேண்டிவரும் என்றார். உன் டாக்டர் மேல் குற்றமில்லை. நீ இரண்டு என்கிறாய், அவர் இரண்டு என்று எழுதிக்கொள்கிறார்.

போ, ஹம்சு. போய் உண்மையான நம்பரைச் சொல். அங்கே உன் பெயரை யாரும் அடிக்கப் போவதில்லை.

ரஞ்சனா

*

கோயம்புத்தூர்
28 ஜூலை 2024

ரஞ்சனா,

கால் என்னுடையது. அதை நீ பார்க்கவில்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு நாற்காலி மாற்றினேன் என்பதை வைத்துக் கிருமி கண்டுபிடிக்கிறாய். இதைத்தான் உங்கள் சப்ஜெக்டில் சொல்லித் தருகிறார்களா?

வலித்தால் பொறுத்துக்கொள்ளத் தெரியும். அது ஒன்றுதான் எனக்குத் தெரியும். என்னிடம் இருப்பதும் அது ஒன்றுதான். அதையும் தப்பு என்று சொல்லிவிட்டால் நான் மற்றபடி யார்? கோயம்புத்தூரில் முதல் மாடியில் இருக்கிற ஒரு நொண்டி. ஆஸ்பத்திரியில் எட்டு, ஒன்பது என்று கத்துகிறவர்களோடு என்னைச் சேர்க்காதே.

பேச்சை உன் இஷ்டப்படி பேசு. என் பெயரைச் சொல்ல வேண்டாம்.

இனிமேல் எழுத முடியுமா தெரியவில்லை. இந்தப் பேனா சரியில்லை. மாற்ற வேண்டும்.

ஹம்ஸினி

*

ஹப்சிகுடா
3 ஆகஸ்ட் 2024

ஹம்சு,

உன் கடிதத்தின் கடைசி வரியை நீயே ஒரு தடவை படித்துப் பார்.

நேற்று மாதாப்பூரில் பேசினேன். பேசினேன் என்பதைவிட மாட்டிக்கொண்டேன் என்று சொல்லலாம். கண்ணாடி அறை, அளவுக்கு மேல் ஏசி, என் பிள்ளை வயதில் நூறு பேர். எழுதிவைத்திருந்ததை எடுத்தேன். முதல் பக்கத்திலேயே விடாமுயற்சி என்று இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது, மடித்து வைத்துவிட்டேன். பெயர் சொல்லாமல், ஒரு பெண் புது ஷட்டில் கேட்ட கதையைச் சொன்னேன்.

அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒன்று தோன்றியது. சாம்பியன்கள் நம்மைவிட அதிகமாக வலி பொறுக்கிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். என் அம்மா முதுகுவலியோடு நாற்பது வருஷம் மாவாட்டினாள். பொறுப்பதற்கு நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். நம்மிடம் இல்லாமல் அவர்களிடம் இருப்பது வேறு. தன் ஆட்டம் தன் கண்ணுக்குத் தெரியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் தினமும் எதிரே ஒருவரை நிறுத்திக்கொள்கிறார்கள், பார்த்துச் சொல்ல. சொன்னால் கேட்கிறார்கள். ஆடுகிற காலத்தில் நீயும் கேட்டாய். "பேக்ஹேண்ட் தாழறது" என்று நான் சொன்னால் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் மாற்றிக்கொள்வாய். ஆட்டம் நின்றதும் எதிர்ப்பக்கம் காலியாகிவிட்டது. எனக்கும்தான்.

ஒரு பையன் கையைத் தூக்கி, "மேடம், மூணு பாயின்ட்டா சொல்ல முடியுமா? ஸ்லைட்ல போடணும்" என்றான். ஒன்றே ஒன்றுதான், அதுவும் சந்தேகம்தான் என்றேன். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "எதிரில் நிற்க ஆளே இல்லாதவர்கள் என்ன செய்வது?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். அதோடு முடிந்தது. கைதட்டல் சுமார். டீ நன்றாக இருந்தது.

வருகிற வெள்ளிக்கிழமை சபரி எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுவிட்டேன். சனிக்கிழமை காலை அங்கே இருப்பேன். நீ கதவைத் திறக்காவிட்டால் அலமு மன்னி திறப்பாள். ஆனால் அதுவரை காத்திருக்காதே. நான் வந்து பார்த்துச் சொன்னால்தான் உண்டு என்று இருக்காதே. இந்த ஒரு தடவை நீயே சொல்.

நீ கேட்டதற்குப் பதில்: வலியைப் பொறுப்பதைத் தவிர உனக்குத் தெரிந்தது நிறைய இருக்கிறது. ஸ்கோர் நகராத அரைமணி நேரங்களில் நெட்டுக்கு அந்தப் பக்கம் நீ சிரித்துக்கொண்டிருப்பாய். அதற்காகத்தான் நான் ஆறு வருஷம் வந்தேன்.

ரஞ்சனா

*

கோயம்புத்தூர், ஆஸ்பத்திரி
9 ஆகஸ்ட் 2024

ரஞ்சு,

நீ இப்போது ரயிலில் இருப்பாய். இதைத் தபாலில் போடப் போவதில்லை. காலையில் நீ வந்ததும் கையில் கொடுப்பேன். நேரில் சொன்னால் இரண்டாவது நிமிஷம் சண்டை வரும்.

நேற்று ஆபரேஷன் ஆயிற்று. மன்னி என் போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டு அவ்வளவுதான் சொன்னாளாம். மூட்டைத் திறந்து கழுவி, நடுவிலிருந்த பிளாஸ்டிக் துண்டை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். உலோகத்தை எடுக்கவில்லை. தப்பிவிடும் என்றுதான் நினைக்கிறார்கள், உறுதியாகச் சொல்ல இன்னும் சில வாரம் ஆகுமாம். உன்னைப் போலவே பேசுகிறார் டாக்டர்.

ஒன்று கேட்க வேண்டும். மயக்கம் தெளிந்து படுத்திருந்தபோது யோசித்துக்கொண்டே இருந்தேன். நான் புது ஷட்டில் கேட்கிற நாளிலெல்லாம், அதற்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் உனக்குத் தலைசுற்றும். மற்ற நாட்களில் சுற்றியதாக ஒரு ஞாபகமும் இல்லை. உனக்கு ஒருநாளும் தலை சுற்றவில்லை, அப்படித்தானே? ஸ்டாமினா இல்லாத பெண் என்ற பெயரை ஆறு வருஷம் வைத்துக்கொண்டாய். நான் அந்தப் பெஞ்சில் படுத்துக்கொண்டு உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். பதில் எழுத வேண்டாம். காலையில் உன் முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்தது. மறுநாள் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலையில் மன்னியைக் கூப்பிட்டு, டாக்டரைப் பார்க்கப் போக வேண்டும் என்றேன். அவள் ஏற்கனவே புடவை மாற்றிக்கொண்டு தயாராகவே இருந்தாள். ஜேம்ஸ் வந்து, ஒரு படிக்கு ஒரு படி என்று என்னை இறக்கினார். நான் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிய ஜேம்ஸ்தான். மன்னி என்னிடம் சொல்லாமல் அவரையே கூப்பிட்டிருக்கிறாள்.

டாக்டர் வழக்கம்போல, "வலி எப்படி இருக்கு? பத்துக்கு எத்தனை?" என்றார். வாய் தானாக "ரெண்டு" என்றது. அவர் எழுதிக்கொண்டார். "நல்லது" என்றார். நான் எழுந்து, வாக்கரைப் பிடித்துக் கதவு வரைக்கும் வந்துவிட்டேன். மன்னி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே போயிருப்பேன். அவள் நகரவில்லை.

திரும்பி, "டாக்டர், நான் சொன்னது பொய்" என்றேன். "எட்டு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எத்தனை நாளா எட்டு?"

"நீங்க ரெண்டுன்னு முதல்ல எழுதின நாள்லேருந்து."

அவர் என்னைத் திட்டவில்லை. எழுந்து வந்து, கட்டைப் பிரித்து, முழங்காலில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டும், ரூம் போடச் சொல்லுங்கள் என்றார். ஒருவர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதில் ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. நாற்காலி சரியில்லை, வேறு கொண்டு வாருங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"வலிக்கறது, மெதுவாத் தள்ளுங்கோ" என்றேன்.

அவர் மெதுவாகத் தள்ளினார்.

ஹம்சு